சுவரைப் பார்த்து நின்ற பனி நாடு

டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு அறை அலமாரியில் மூன்று நாடுகள் குடியிருந்தன. இரண்டு நாடுகள் வருகிறவர் போகிறவரைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது மட்டும், கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் முதன்முதலாக எட்டிப் பார்க்கிறவர்கள் மிரண்டுவிட வேண்டாம். டீச்சரின் கணவர் பல்செட் செய்கிறவர். லேபில் வேலை முடிந்து மூலையில் கிடந்த பிளாஸ்டர் அச்சுகளில் மூன்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டார். "இந்தா டீச்சரம்மா, உன் மூணு நாடு. தினமும் காலையில இதுங்க முகத்துல முழி. எது நல்லா சிரிக்குதோ அங்கே போகலாம்" என்றார்.

டீச்சருக்கு வெளிநாட்டில் சர்வதேசப் பள்ளி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆசை மூன்று வாய்ப்பாக வந்து நின்றபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. எல்லாப் பல்லும் இருந்த அச்சு வெயில் நாடு. சம்பளம், வீடு, விமான டிக்கெட் எல்லாம் குறையில்லாமல் கொடுக்கிற நாடு. பாதிப் பல் இல்லாதது தீவு நாடு. தங்குவதற்கு ஒற்றை அறைதான் என்று அவர்கள் சொன்னதுமே அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்தது பனி நாடு.

பனி நாடு ஏன் திரும்பி நிற்கிறது என்றால், போன வாரம் டீச்சர் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து, "அவங்க வேண்டாம்னுட்டாங்க. என் உச்சரிப்பு சரியில்லையாம்" என்று சொன்னாள். கணவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உன் உச்சரிப்புக்கு என்ன குறைச்சல்? போகட்டும் விடு" என்று அந்த அச்சைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பதினோரு வயது மகள் வாண்டு ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "உன் இங்கிலீஷ் நல்லாதாம்மா இருக்கு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பனி நாடு வேண்டாம் என்று சொல்லவே இல்லை. டீச்சர்தான் பதில் சொல்லாமல் இருந்தாள். அதற்கான காரணத்தை அவள் தனக்குத் தானேகூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை.

இன்று சாயங்காலத்துக்குள் வெயில் நாட்டுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பள்ளித் தலைமையாசிரியை வாண்டுவோடு இன்னொரு தடவை வீடியோவில் பேசப் போகிறாராம். ஆசிரியரின் பிள்ளைக்கு அதே பள்ளியில் இலவசமாக இடம் உண்டு. ஆனால் பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்ட பிறகுதான் எந்த வகுப்பு என்று முடிவு செய்வார்கள்.

வாண்டுவுக்கு எழுத்துகள் ஒரு இடத்தில் நிற்காது. மற்றபடி எந்தக் கேள்விக்கும் பட்டென்று பதில் வரும், ஒரு தடவை கேட்டதை மறக்கவே மாட்டாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் அவளிடம் கண்ணாமூச்சி ஆடும். பார்த்த டாக்டர், அறிவில் ஒரு குறையும் இல்லை, தனியாகப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர் கிடைத்தால் மெல்லப் பிடித்துக்கொள்வாள் என்றார். டீச்சர் தலையாட்டினாள். அந்த வருடமே வாண்டுவைத் தன் பள்ளியிலிருந்து எடுத்து, ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பள்ளியில் சேர்த்தாள். அங்கே விளையாட்டு மைதானம் பெரிசு என்று எல்லோரிடமும் காரணம் சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கும் அதே பக்கம்தானே?" என்றாள் வாண்டு, பால் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி.

முதல் தடவை பேசியபோது நடந்ததுதான் அந்த 'அதே பக்கம்'. உங்களுக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள் என்றிருந்தார்கள். டீச்சர் ஒரு பக்கத்தை வாண்டுவுக்கு மனப்பாடம் செய்துவைத்தாள். எங்கே விரலை நகர்த்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்த வார்த்தையில் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று ஒத்திகையே நடந்தது. பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிற பிள்ளைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடிக்கிற டீச்சர் செய்த வேலை இது. கணவர்கூட, "நாடகக் கம்பெனி ஆரம்பிச்சாச்சா?" என்று கேலி செய்ததோடு விட்டுவிட்டார்.

"இல்லடா. புதுப் பக்கம் அவங்களே அனுப்புவாங்களாம்."

தம்ளர் மேஜைக்கு வந்தது. "புதுசா? அப்போ மனப்பாடம் பண்ண நேரம் இருக்காதே?"

"சின்னப் பத்திதான். நான் எதிர்லயே இருப்பேன்ல."

வாண்டு மீதிப் பாலை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். பள்ளிக்குக் கிளம்பும்போது அலமாரிப் பக்கம் போய், திரும்பி நின்ற அந்த அச்சின் பின்புறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

*

அன்று டீச்சரின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. வேதியியல் ஆய்வகத்தின் நீள மேஜை ஒன்றைத் துடைத்து, இரண்டு நாற்காலி போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். குழாயடித் தொட்டியில் யாரோ கழுவாமல் விட்டுப் போன சோதனைக் குழாய்களிலிருந்து லேசாகக் கந்தக வாடை வந்தது. பெற்றோர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே மார்க் விசாரித்தார்கள்.

வரிசையில் ஒரு மாணவனின் அப்பாவான வக்கீலும் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் டீச்சர் மார்க் ஏட்டுக்குள் குனிந்துகொண்டாள். போன சந்திப்பில் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். அவர் பையனுக்கும் எழுத்தில்தான் தகராறு. "எங்க பரம்பரையில படிக்கத் தெரியாதவன் யாரும் கிடையாது" என்று அவர் குதித்தபோது டீச்சர் விடவில்லை. "இதுல அவமானப்பட என்ன சார் இருக்கு? நீங்க மறைச்சா, அது ஏதோ தப்புன்னு பிள்ளை நினைச்சுக்கும். அவன் தனியா தவிப்பான். முதல்ல உங்க வாயால நாலு பேர்கிட்ட சொல்லுங்க" என்று நெற்றியடியாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இன்று சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவரோ உட்காராமல் கையைக் கூப்பினார்.

"டீச்சர், உங்களைத் திட்டிக்கிட்டேதான் அன்னைக்கு வீட்டுக்குப் போனேன். ரெண்டு நாள் தூக்கம் வரலை. அப்புறம் எங்க அண்ணன் தம்பி எல்லாரும் வந்திருந்தப்போ, பையனைப் பக்கத்துல உட்கார வச்சு, இவனுக்குப் படிக்கக் கஷ்டம், எல்லாரும் உதவணும்னு சொல்லிட்டேன்."

"நல்லது சார்" என்றாள் டீச்சர்.

"சொன்ன உடனே பையன் என்ன பண்ணினான் தெரியுமா? என் மடியில படுத்துட்டான். இந்த வயசுல! எத்தனையோ வருஷமாச்சு டீச்சர் அவன் என்கிட்ட வந்து." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோர்ட்டையே அதிரவைக்கிற குரல் அவருக்கு. அது உடைந்து கேட்டது.

டீச்சர் மேஜை மேல் இருந்த பேனாவை நேராக வைத்தாள். பிறகு குறுக்காக வைத்தாள்.

"ஒண்ணு கேட்கலாமா?" என்றார் வக்கீல். "இவ்வளவு நுணுக்கமா உங்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளை என்ன நினைக்கும், எப்படித் தவிக்கும்னு நேர்ல பார்த்த மாதிரி சொன்னீங்க. உங்க வீட்லயும் யாருக்காவது...?"

"சேச்சே! இல்லை, இல்லை. எல்லாம் புத்தகத்துல படிச்சதுதான்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்துவிட்டது. அந்த 'சேச்சே'யைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடிந்தால் டீச்சர் எதையும் கொடுத்திருப்பாள். வக்கீல் இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டுப் போனார். டீச்சருக்கு முகம், காது, கழுத்து எல்லாம் எரிந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்கு, அழுக்கைத் தட்டிவிடுகிற மாதிரி சேச்சே என்றிருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்து வந்த அம்மாவிடம் பையன் பெயரை மாற்றிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சந்திப்பு முடிகிற சமயத்தில் கணவரிடமிருந்து போன். "வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி லேபுக்கு வந்துட்டுப் போ" என்றார். கூடவே வழக்கமாகச் சொல்கிற 'டீச்சரம்மா'வைக் காணோம்.

*

பல் லேப் ஒரு நீளமான அறை. மெழுகு உருகுகிற வாசனையும் பிளாஸ்டர் தூசியும் எப்போதும் இருக்கும். சன்னலோரத் தட்டுகளில் யார் யாருடைய சிரிப்போ முழுமையாகாமல் காய்ந்துகொண்டிருந்தது. கணவரும், அவரோடு நெடுநாளாக வேலை பார்க்கிற கூட்டாளியும் முதுகுக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். கூட்டாளி பாலிஷ் மோட்டாரைப் போட்டால் இடி இடித்தாலும் காதில் விழாது.

"வாங்க அண்ணி" என்று சிரித்துவிட்டுக் கூட்டாளி மோட்டாரைப் போட்டார்.

கணவர் குனிந்த தலை நிமிராமல், ஒரு மெழுகுப் பல்லைச் சீவிக்கொண்டே பேசினார். "பனி நாட்டுப் பள்ளித் தலைவர் எனக்கு போன் பண்ணினார்."

விண்ணப்பத்தில் இரண்டாவது எண்ணாகக் கணவர் எண்ணைக் கொடுத்தது அவள்தான்.

"எனக்கா இங்கிலீஷ் அரைகுறை. யாரோ பல்லு கட்டிக்க வர்றார்னு நினைச்சு, மேல்வரிசையா, கீழ்வரிசையான்னு கேட்டுட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். மோட்டார் நின்றது. கணவர் வாயை மூடிக்கொண்டார். கூட்டாளி பல்செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி மோட்டாரைப் போட்டார்.

"உங்க மனைவிக்காக இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கோம், இன்னும் பதில் சொல்லலையேன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. நானே அசடு மாதிரி, அவ உச்சரிப்பை மன்னிச்சுக்கோங்க சார், வந்ததும் திருத்திக்குவான்னு சொன்னேன்."

"ஐயோ..."

"அவர் சிரிச்சார். உங்க மனைவி எங்க டீச்சர்ங்களை விட நல்லா பேசறாங்கன்னார்." கத்தியைக் கீழே வைத்தார். "நான் உனக்காக மன்னிப்புக் கேட்டேன். கேட்க வச்சுட்ட."

டீச்சருக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பல்.

"ஏன்?" என்றார் கணவர்.

"அந்தப் பள்ளியில படிக்கக் கஷ்டப்படற பிள்ளைகளுக்குன்னே தனியா டீச்சர் இருக்காங்க" என்றாள் மெல்ல.

"கேட்கலை. சத்தமா சொல்லு."

"தனியா டீச்சர் இருக்காங்க! வாண்டுக்கு ஏதாவது உதவி வேணுமா, தயங்காம சொல்லுங்கன்னு கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன்."

"நல்லதுதானே? அதைத்தானே நாம ஊரெல்லாம் தேடறோம்?"

"வாராவாரம் எல்லா டீச்சரும் வட்டமா உட்கார்ந்து, அந்தப் பிள்ளைகளைப் பத்தி ஒவ்வொருத்தரா பேர் சொல்லிப் பேசுவாங்களாம். நானும் அதுல உட்காரணும்."

"உட்கார்ந்தா என்ன?"

அவள் குரலை உயர்த்திய அதே நொடியில் மோட்டார் நின்றது.

"நம்ம பொண்ணு பேரும் வரும்!"

அமைதியான அறையில் அந்த வாக்கியம் தனியாக நின்றது. கூட்டாளி முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பினார். "அட! வாண்டு பேர் வருதா? என்ன அண்ணி, பரிசா?"

டீச்சர் தலையசைத்தாள். "ஆமாண்ணா" என்றுகூடச் சொல்லிவிட்டாள். "சொல்லவே இல்லையே! எங்கே ஸ்வீட்?" என்றார் அவர். கணவர் மேஜையில் குனிந்துகொண்டார். ஒரே நாளில் இரண்டாவது தடவை. இந்தத் தடவை மகளைப் பெற்றவரின் கண்ணெதிரிலேயே.

கூட்டாளி மறுபடி வேலையில் இறங்கியதும் கணவர் வாசல் வரை வந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. அவர் களைத்துப்போன மாதிரி பேசினார்.

"எந்த நாடா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். பல்லு இல்லாதவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. முடிவு நீ எடு, நான் பெட்டி கட்டறேன். ஆனா பனி நாடு வேண்டாம்னு சொல்லலைங்கிறதை வாண்டுகிட்ட நீயே சொல்லிடு. அவ என்னவோ மனசுல வச்சுட்டு இருக்கா. நாலஞ்சு நாளா அந்தப் பல்லு முன்னாடி போய் நிக்கறா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லேங்கறா."

"இன்னைக்கு போன் பேசி முடிச்சதும் சொல்லிடறேங்க."

"முன்னாடி சொல்லு."

*

முன்னாடிதான் சொல்ல நினைத்தாள். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைக் கோத்தும் வைத்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தால், வாண்டு தலையைத் தானே வாரி, பள்ளி உடுப்பை மாற்றி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மடிக்கணினியை இரண்டு தடிமனான அகராதிகள் மேல் ஏற்றி வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். டீச்சர் முகம் கழுவிவிட்டு வந்து, "வாண்டு, உன்கிட்ட ஒண்ணு" என்று ஆரம்பிப்பதற்குள் கணினி மணியடித்துவிட்டது. வெயில் நாட்டுக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார்கள்.

தலைமையாசிரியை அன்பானவராகத்தான் தெரிந்தார். டீச்சரின் உடல்நலம் கேட்டார், கணவரை விசாரித்தார், அங்கே அடிக்கிற வெயிலைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். வாண்டு கலகலவென்று சிரித்தாள். பேச்சு ஆங்கிலம் அவளுக்கு முழுக்கப் புரியும். காதால் வந்தது எதுவும் அவளுக்கு நிலைக்கும்.

"போன தடவை எவ்வளவு அழகாகப் படித்தாய்! இன்றைக்கு ஒரு புதிய பக்கம். அவசரமில்லை" என்றார். திரையில் ஒரு பாதியில் அவர் முகம் நின்றது. மறுபாதியில் எழுத்துகள் வந்தன.

டீச்சர் கணினிக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் நின்றாள். அதே பக்கம் அப்போதுதான் பள்ளியிலிருந்து அவள் போனுக்கும் வந்திருந்தது.

வாண்டு முதல் வார்த்தையைப் படித்தாள். இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் மாட்டிக்கொண்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. விரல் திரையில் ஒரே இடத்தில் தேய்ந்துகொண்டிருந்தது.

டீச்சரால் பொறுக்க முடியவில்லை. வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தமில்லாமல் அந்த வார்த்தையைச் சொல்லிக்காட்டினாள். வாண்டு நிமிர்ந்து பார்த்து அதைச் சொன்னாள். அடுத்ததையும் காட்டினாள். அதையும் சொன்னாள். அப்படியே ஒரு வரி ஓடியது. அம்மாவின் வாயைப் பார்த்துப் பார்த்து மகள் ஒப்பித்தாள். பரீட்சை ஹாலில் இதே காரியத்தைச் செய்த ஒரு பையனை டீச்சர் காதைப் பிடித்து வெளியே நிறுத்தியிருக்கிறாள்.

"கண்ணே, நீ எங்கே பார்க்கிறாய்?" என்றார் தலைமையாசிரியை.

வாண்டு நிறுத்தினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தமிழில், அம்மாவை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, பனி நாட்டுக்காரங்க உன்னை வேண்டாம்னது என்னாலதானே?"

"என்னடா இது... இல்லடா."

"உன் இங்கிலீஷ் நல்லாதான் இருக்கு. எனக்குத் தெரியும். எனக்குப் படிக்க வராதுன்னு அவங்க கண்டுபிடிச்சிருப்பாங்க. நீ என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதானே உச்சரிப்புன்னு சொன்ன?" அவள் திரையைக் கண்ணால் காட்டினாள். "இவங்களும் கண்டுபிடிச்சுட்டா, இந்த வேலையும் உனக்குப் போயிடுமாம்மா?"

நாலைந்து நாளாக இந்தப் பொடிசு அந்த அச்சின் முன்னால் போய் நின்றது இதற்குத்தான். அம்மாவின் பொய்யை அம்மாவின் தியாகம் என்று நினைத்து, பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறது. 'நீங்க மறைச்சா, அது ஏதோ தப்புன்னு பிள்ளை நினைச்சுக்கும்' என்று வக்கீலிடம் நீட்டி முழக்கியது யார்?

"உங்கள் மகள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

தண்ணீர் கேட்கிறாள் என்று சொல்லலாம். தலை வலிக்கிறதாம் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. வாசலில் கணவர் வந்து நிற்பது தெரிந்தது. சட்டையில் பிளாஸ்டர் தூசியோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

டீச்சர் கணினியைச் சுற்றிக்கொண்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில், கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"தனக்குப் படிக்க வராது என்று உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு வேலை போய்விடுமா என்று கேட்கிறாள்" என்றாள் ஆங்கிலத்தில். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

திரையில் அந்த அம்மாளின் முகம் அசையவில்லை.

"இப்போது அவள் படித்தது என் வாயைப் பார்த்து. போன தடவை படித்தது மனப்பாடம். இரண்டுமே என் வேலை. அவள் பேரில் தப்பு இல்லை. இன்னொரு பள்ளி என்னை மறுத்துவிட்டதாக இவள் நினைக்கிறாள். அவர்கள் மறுக்கவில்லை, அங்கே இவளுக்கு உதவத் தனி ஆசிரியரே இருக்கிறார். நான்தான் மறைத்தேன்."

எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டாள். தலைமையாசிரியை எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "நாங்கள் கலந்துபேசிவிட்டுச் சொல்கிறோம்" என்றார். வாண்டுவைப் பார்த்துப் புன்னகைத்தார். டீச்சரைப் பார்க்கவில்லை. திரை அணைந்தது.

வெயில் நாடு போனாலும் போகட்டும் என்று இருந்தது டீச்சருக்கு. பாரம் இறங்கிய மாதிரிகூடத் தோன்றியது. இனி பனி நாட்டுக்கு போன் செய்யலாம், மன்னிப்புக் கேட்கலாம், மகளைக் கட்டிக்கொண்டு அழலாம். அவள் கை வாண்டுவின் தோளுக்குப் போனது.

வாண்டு அதற்குள் எழுந்திருந்தாள். அலமாரிக்குப் போய், எம்பி, சுவரைப் பார்த்து நின்ற அச்சை எடுத்தாள். சந்து விழுந்த முன்பல்லைக் கட்டை விரலால் தடவினாள். ஆங்கிலத்தில் அம்மா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரிந்திருந்தது.

"இவங்க வேண்டாம்னு சொல்லலையா?"

"இல்லடா."

"அங்கே எனக்குன்னு தனி டீச்சர் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்புறம் ஏன்மா?"

டீச்சர் கணவரைப் பார்த்தாள். அவர் உதவிக்கு வரவில்லை.

"எனக்கு வெட்கமா இருந்துச்சு" என்றாள்.

"எதுக்கு?" வாண்டு யோசித்தாள். "என்னை நினைச்சா?"

அன்று காலையிலிருந்து வழவழவென்று வாயில் வந்து விழுந்த பொய்களில் ஒன்றுகூட இப்போது வரவில்லை.

"ஆமா" என்றாள் டீச்சர்.

வாண்டு அழுவாள் என்று நினைத்தாள். கத்துவாள், அச்சைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தாள். அவள் அந்த அச்சை மேஜை மேல், பல் அம்மாவைப் பார்க்கிற மாதிரி, உடையாமல் பத்திரமாக வைத்தாள். சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அப்பாவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா" என்றாள், வீட்டுக்கு விருந்தாளியாக வந்த யாரோ ஒரு டீச்சரிடம் பேசுவது போல. "எந்த நாடுன்னாலும் சரி. நான் அப்பாகூட இங்கேயே இருந்துக்கறேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரிய வேண்டாம்."